நேசம்மா அக்கா நடந்துபோன வரம்பு

போன கிழமை நான் முன்பு வேலை பார்த்த அலுவலகத்தின், எங்கள் பேச்சில் கந்தோரின், மெசின் யார்டிலிருந்து ஓர் இளம் இஞ்சினியர் வீட்டுக்கு வந்திருந்தார். வயல் நிலம் மட்டப்படுத்தும் வேலைக்குப் புதிதாக ஒரு ட்ராக் லோடர் எடுக்கப் போகிறார்களாம். யார்டில் நாங்கள் அதைச் செயின் மெசின் என்போம். சக்கரச் சில்லுக்குப் பதிலாக இறப்பர்ப் பட்டியில் ஓடும். முன்னால் பக்கட்டும் பூட்டலாம், மண் வழிக்கிற தகடும் பூட்டலாம். சின்னதும் உண்டு, பெரியதும் உண்டு.

"கந்தோரில எல்லாரும் உங்களிட்டத்தான் கேக்கச் சொல்றாங்க ஐயா. பெரிசா சின்னனா எண்டு மட்டும் சொல்லுங்கவன். மிச்சத்த நான் பாக்கிறன்" என்றார்.

பெரிசு என்றேன். ஏன் என்பதற்கும் காரணங்கள் சொன்னேன். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுச் சந்தோசமாகப் போனார். அவர் படலையைச் சாத்தும்வரை பார்த்திருந்த என் மனைவி, "நேசம்மாக்காட கதையச் சொல்லல்லயா?" என்று கேட்டாள்.

சொல்லவில்லை. அது ஒளித்து வைத்த கதையும் அல்ல. படுவான்கரையில் அன்று வாய்க்கால் கரைக் கட்டில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும், கந்தோருக்கும் தெரியும். என் வாயால் மட்டும் நான் அதைச் சொன்னதில்லை. அந்த மெசினைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் எனக்கு முதலில் வருவது வெட்கம்தான்.

நான் யார்டில் கிறீஸ் அடிக்கிற ஆளாகச் சேர்ந்தவன். டோசர் ஓட்டுநர் ஒருவருக்குப் பின்னால் திரிந்து தொழில் பழகினேன். பிறகு ரோலர், பெக்கோ, கிரேடர் என்று யார்டில் நின்ற எல்லாவற்றிலும் ஏறி இறங்கி, கடைசியில் ஓட்டுநர்களுக்குப் பொறுப்பான போர்மன் ஆனேன். சண்டைக் காலத்தில் வேலை நடந்த நாளைவிட மெசின் நின்ற நாள்தான் அதிகம். அதில் சொல்ல ஒன்றுமில்லை.

சுனாமியாகக் கடல் வந்த அன்று நான் உன்னிச்சைப் பக்கம் வாய்க்கால் வேலையில் நின்றேன். எங்கள் வீடு செட்டிபாளையத்தில், பெரிய வீதிக்கு அப்பால், கடலுக்குத் தள்ளி வாவிப் பக்கம். அதனால் மனைவியும் பிள்ளைகளும் தப்பினார்கள். மறுநாள் விடிய, மண் தோண்டும் சில்லு மெசினான பெக்கோவை எடுத்துக்கொண்டு தெற்கே ஒரு கடற்கரைக் கிராமத்துக்குப் போகச் சொன்னார்கள்.

வீதியிலிருந்து பார்த்தபோது வீடுகள் இருந்த இடத்தில் மணலும் கல்லும் கூரை மரமும்தான் கிடந்தன. ஆட்கள் அங்கங்கே குந்தியிருந்து கையாலும் தகரத் துண்டாலும் தோண்டிக்கொண்டிருந்தார்கள். என் பெக்கோவைக் கண்டதும் எழுந்து நின்றார்கள். "மெசின் வந்திட்டு! மெசின் வந்திட்டு!" என்று ஒரு பெண் கத்திக்கொண்டு ஓடி வந்தாள்.

அந்தச் சத்தத்தில் எனக்குப் பதற்றம் பிடித்துவிட்டது. இறங்கி மண்ணைப் பார்க்காமல் வீதியை விட்டு மணலுக்குள் திருப்பினேன். கடல் ஏறி இறங்கிய மணல் களி மாதிரி இளகிக் கிடந்தது. சில்லு நாலு சுற்றுச் சுற்றியதும் பின்பக்கம் இறங்கிற்று. எக்சிலேற்றரை மிதித்தேன். இன்னும் இறங்கிற்று. அச்சு மணலில் குந்திவிட்டது.

தங்கள் ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் அதை விட்டுவிட்டு என் மெசினைத் தோண்ட வந்தார்கள். பெண்கள் சில்லைச் சுற்றியிருந்த மணலைக் கையால் வாரினார்கள். ஆண்கள் தென்னை மட்டை பொறுக்கிவந்து சில்லுக்கு அடியில் போட்டார்கள். மட்டை நொறுங்கியது. உயர்ந்த ஒரு மீன்பிடிகாரர் எங்கேயோ போய் ஒரு கதவைத் தூக்கி வந்தார். நீலப் பெயின்ற் அடித்த பலகைக் கதவு. அவருடைய வீட்டில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான் என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். அதைச் சில்லுக்கு அடியில் கொடுத்து, "இப்ப எடுங்க" என்றார். எடுத்தேன். கதவு முறிந்து மணலுக்குள் போனது. பெக்கோ வீதியில் ஏறியது.

 அவர் தன் இடத்துக்குத் திரும்பிப் போய்க் குந்தி, முன்னைப்போல கையால் தோண்டத் தொடங்கினார். நான் வீதியில் பெக்கோவை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தேன். இறங்கிப் போய் அவரோடு சேர்ந்து தோண்டியிருக்கலாம். அது எனக்குத் தோன்றியது வீட்டுக்கு வந்த பிறகுதான்.

அதற்குப் பிறகு இளகின மண்ணுக்குள் சில்லு மெசின் கொண்டுபோகச் சொன்னால் நான் யாரோடும் சண்டை பிடிப்பேன்.

சில வருடங்களில் கிழக்கில் சண்டை ஓய்ந்தது. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், இடம்பெயர்ந்திருந்த சனம் ஊர் திரும்பியது. அவர்களுடைய வயல் நிலம், நாங்கள் வட்டை என்று சொல்லுகிறது, வருடக் கணக்காக விதைக்கப்படாமல் கிடந்தது. பல இடங்களில் வரம்பு இருந்த தடமே இல்லை. சில இடங்களில் சண்டைக் காலத்தில் வரம்பின்மேல் மண்ணைக் குவித்து ஆளுயர அணையாக்கியிருந்தார்கள். வாய்க்காலில் திறந்தால் தண்ணீர் தலைப்பு வயலில் தேங்கி நின்றது. கடைசி வயலுக்குப் போகவில்லை. நிலத்தை மட்டப்படுத்தாமல் விதைக்க முடியாது. அதற்காக ஒரு மெசின் வாங்க எங்கள் கந்தோருக்கு அனுமதி வந்தது. தெரிவு செய்யும் பொறுப்பு பூபாலபிள்ளை இஞ்சினியருக்கு. என்னையும் கூட வைத்துக்கொண்டார்.

பூபாலபிள்ளை சேர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. வயலுக்கு வந்தால் முதலில் சப்பாத்தைக் கழற்றி ஜீப்புக்குள் வைப்பார். காற்சட்டையை முழங்கால்வரை மடிப்பார். குதிக்காலை மண்ணில் ஊன்றி எடுத்து, அந்தக் குழியில் தண்ணீர் ஊறுகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பார். கட்டளையாக ஒன்றும் சொல்லமாட்டார். "அப்ப என்ன யோசிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு, நாங்கள் பதில் சொல்லும்வரை சும்மா நிற்பார். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் துடைக்கத் தொடங்கினால் யார்டே அடங்கிவிடும்.

வட்டையின் ஓரத்தில் ஒரு வயலைத் தெரிந்து, மூன்று மெசின்களை வரவழைத்துச் சோதித்தோம். யார்டிலிருந்து பழைய டோசர். விற்பனைக்காரர் கொண்டுவந்த ஒரு சின்னச் செயின் மெசின். ஒரு பெரிய செயின் மெசின். ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவு துண்டு நிலம். மெசின் வேலை செய்யும்போது சேர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி நின்றார். விற்பனைக்காரருக்கு அது பிடிக்கவில்லை.

"சேர், வேலையப் பாருங்களேன்."

"மெசின் போகட்டும். மண்ணப் பாப்பம்" என்றார்.

மெசின் விலகியதும் நடுவில் போய் ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றினார். டோசர் வெட்டின நிலத்தில் தண்ணீர் இரும்புச் செயின் பதிந்த பள்ளங்களுக்குள் விழுந்து மறைந்தது. டோசர் மண்ணை அள்ளித் தள்ளும், வழிக்கத் தெரியாது. பாரமும் அதிகம், கீழ்மண்ணை இறுக்கிவிடும். சின்ன மெசின் வெட்டின இடத்தில் தண்ணீர் குட்டை குட்டையாக நின்றது. அது நீளம் குறைந்தது. சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் தோணி போல மூக்கைக் குத்தும்; முன்னாலிருக்கிற தகடும் கூடக் குத்தும். அதனால் நிலம் அலை அலையாக வரும். தகடு நிறைய மண் சேர்ந்தால் பின்பக்கம் தூக்கும். பெரிய மெசின் வெட்டின நிலத்தில் தண்ணீர் விரித்த துணி போல நாலு பக்கமும் மெதுவாகப் போனது. அதன் பட்டி நீளம். பள்ளத்துக்குக் குறுக்கே பாலம் மாதிரிக் கிடந்து போகும், தகடு ஆடாது. பட்டி அகலமும்கூட. பாரம் பரவிவிடுவதால் ஈர மண்ணிலும் புதையாது. தகடு நிறைந்தாலும் இஞ்சின் திணறாது.

அதிலும் இரண்டு வகை இருந்தது. ஒன்றின் கை நேராக மேலெழும்பும். லொறியில் மண் ஏற்ற வசதி. மற்றதின் கை வளைந்து எழும்பும். உயரம் குறைவு, ஆனால் நிலத்தோடு நின்று மண்ணைத் தள்ள அதுதான் உறுதி. விற்பனைக்காரர் முதலாவதைத்தான் புகழ்ந்தார். நாங்கள் லொறிக்கு ஏற்றப் போவதில்லை, நிலத்தை வழிக்கப் போகிறோம் என்று நான் இரண்டாவதைச் சொன்னேன். சேர் தலையை ஆட்டினார்.

"இன்னும் ஏதும் காரணம் இரிக்கா?" என்று கேட்டார்.

"இல்ல சேர்."

"அடைச்ச கெபின். அடியில தடிச்ச இரும்புத் தகடு. அதும் ஒரு காரணம்தானே?"

"ஓம் சேர். தூசிக்கு நல்லம்."

என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். "பயமும் ஒரு காரணந்தான் போர்மன். சொல்லலாம். இதில குறை என்னெண்டா கதவு முன்னுக்கு. தகட்டுக்கு மேலால காலத் தூக்கி வெச்சுத்தான் இறங்கவேணும். அவசரத்துக்குச் சரிவராது."

"எனக்கென்ன பயம் சேர்" என்றேன்.

பயம் இருக்க நியாயம் இருந்தது. மிதிவெடி அகற்றும் குழு வட்டை முழுவதும் இரும்பைக் கண்டுபிடிக்கும் கருவி பிடித்து, துப்புரவு என்று எழுதித் தந்திருந்தது. ஆனால் அவர்கள் பார்த்தது மேல்மண்ணை. அணையாக உயர்ந்த வரம்புகளை நாங்கள் வெட்டி இறக்கும்போது, அவர்கள் பார்த்த ஆழத்துக்கும் கீழே போவோம். அதனால் சேர் ஒரு ஒழுங்கு வைத்தார். மண்ணில் மெல்லிய ஓர் அடுக்கு, ஒரு படை, மட்டும் வெட்டவேண்டும், நிறுத்தவேண்டும், குழு வந்து கருவி பிடித்த பிறகுதான் அடுத்த படை. தகட்டில் இரும்பு தட்டினால் இஞ்சினை நிறுத்தி, இறங்கி, மெசின் வந்த தடத்திலேயே பின்னால் நடந்து வரவேண்டும். மெசின் ஓடும்போது சனம் முழுவதும் வாய்க்கால் கட்டில் நிற்கவேண்டும். இதை அவர் என்னைக் கொண்டு இரண்டு தரம் திருப்பிச் சொல்ல வைத்தார். மெசின் புதிது என்பதால் ஓட்டுவதும் நானே என்று முடிவானது.

கடைசி வயலைத் தவிர மற்ற எல்லாம் ஒழுங்காக முடிந்தது.

கடைசி வயல் நேசம்மா அக்காவுடையது. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். புருசன் முகாமில் இருந்தபோது நோயில் செத்துப்போனார். ஊர் திரும்பிய முதல் ஆட்களில் அவரும் மகளும் இருந்தார்கள். வயலோரம் தறப்பாள் கட்டிக் குடியிருந்தார்கள். அவருடைய வயலுக்கும் மேல் வயல்களுக்கும் நடுவில்தான் எல்லாவற்றிலும் உயர்ந்த அணை வரம்பு. அதை இறக்காவிட்டால் மழைத் தண்ணீர் மேலே குளமாகத் தேங்கும். அங்கே விதைத்ததெல்லாம் அழுகும். இவருடைய வயலுக்கு ஒரு சொட்டும் வராது.

முதல் படை வெட்டினோம். குழு பார்த்துச் சரி என்றது. அத்தோடு அவர்களுக்கு வேறு ஊரில் அவசர வேலை வந்துவிட்டது. அடுத்த கிழமைதான் வருவோம் என்று போய்விட்டார்கள். சேரும் கூட்டமொன்றுக்கு மட்டக்களப்பு நகரத்துக்குப் போயிருந்தார். வானம் வடகிழக்கில் கறுத்துக்கொண்டு வந்தது. வீடுகளில் விதைநெல் ஊறிக்கொண்டிருந்தது. வட்டைக்குத் தண்ணீர் திறக்கிற பொறுப்பு வட்டவிதானையாருக்கு. அவரும் வயல் செய்யும் கமக்காரரும் வாய்க்கால் கட்டில் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். வெட்டு என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மாட்டேன் என்று சொல்லியிருப்பேன். அவர்கள் வானத்தையும் என்னையும் பார்த்தார்கள்.

நான் கெபினுக்குள் ஏறி இஞ்சினைப் போட்டேன். இஞ்சின் சூடு காட்டும் கண்ணாடி முள்ளுகளைப் பார்ப்பதுபோல இருந்தேன். நேசம்மா அக்கா வந்து கதவைத் தட்டினார்.

"என்ன தம்பி யோசின?"

"குழு வரட்டும் அக்கா."

"அவங்க எப்ப வாற?"

"வாற கிழமையாம்."

மேகத்தைப் பார்த்தார். "மழை அதுக்கு முதல் வந்திரும். நான் இந்த வரம்பில நெடுக நடந்து திரியிறன் தம்பி, ஒண்டும் இல்ல. பயமெண்டாச் சொல்லுங்க, நான் முன்னால நடக்கிறன். நீங்க பின்னால வாங்க."

இந்த இடத்தில்தான் எனக்கு இன்னும் சகிக்க முடியாதது இருக்கிறது. அவர் நடப்பதால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று எனக்குத் தெரியும். மேலே மண் துப்புரவுதான். ஆபத்து இருந்தால் அது கீழே, என் தகடு வெட்டுகிற ஆழத்தில். அவர் முன்னால் நடந்தால் ஆபத்து குறையாது. அவரும் அதற்குள் வருவார், அவ்வளவுதான். அவருக்கு அது தெரியாது. வேண்டாம் அக்கா, வாய்க்கால் கட்டில் போய் நில்லுங்க என்று நான் சொல்லியிருக்கவேண்டும். ஆனால் எனக்கு முன்னால் ஒரு ஆள் இருக்கிறது என்ற நினைப்பே ஆறுதலாக இருந்தது. தலையை ஆட்டினேன்.

அவர் சேலையைத் தூக்கிச் செருகினார். செருப்பைக் கழற்றி வரம்போரம் வைத்தார். நடந்தார்.

நான் தகட்டைப் பதித்துப் பின்னால் போனேன். கண்ணாடிக்குள்ளால் அவருடைய முதுகும் வெடித்த குதிக்கால்களும் தெரிந்தன. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவசரப்படவுமில்லை. வாய்க்கால் கட்டில் இருந்த ஆட்கள் எழுந்து நின்றார்கள். வட்டவிதானையார் கையை வீசி என்னமோ கத்தினார். கெபின் அடைத்திருந்ததால் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதை நான் வசதியாகவும் எடுத்துக்கொண்டேன்.

வரம்பின் நடுப்பகுதி தாண்டியிருப்போம். தகட்டில் இரும்பு தட்டிற்று. சத்தம் காதால் வரவில்லை, உள்ளங்காலால் வந்தது.

அதற்குப் பிறகு நான் செய்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. இஞ்சினை நிறுத்தவில்லை. கதவைத் தள்ளித் திறந்து, தகட்டுக்கு மேலால் முன்பக்கம் பாய்ந்தேன். சத்தம் கேட்டுத் திரும்பிய நேசம்மா அக்கா எனக்கு நேரே நின்றார். என் தோள் அவரில் பட்டது. அவர் கையை ஊன்றி மண்ணில் இருந்துவிட்டார். நான் நிற்கவில்லை. மெசின் வந்த தடத்திலும் போகவில்லை. வயலுக்குக் குறுக்கே ஓடி வாய்க்கால் கட்டில் ஏறி, ஆட்களுக்கு நடுவில் போய் நின்றுதான் திரும்பிப் பார்த்தேன்.

அவர் எழும்பி நின்றார். மெசின் உறுமிக்கொண்டு நின்றது. போவதா நிற்பதா என்று தெரியாமல் எங்களைப் பார்த்தார். அசைய வேண்டாம் என்று கத்தக்கூட எனக்கு வாய் வரவில்லை.

"அசையாத கா! நிண்ட இடத்தில நில்லு!" என்று வட்டவிதானையார் கத்தினார். கத்திவிட்டு, மெசின் தடத்தைப் பிடித்துத் தானே நடந்து போனார். வயதான மனுசன். நேசம்மா அக்காவின் கையைப் பிடித்து, அதே தடத்தால் கூட்டிக்கொண்டு வந்தார்.  எனக்குப் பக்கத்தில் நின்றவர்கள் கொஞ்சம் தள்ளி இடம் விட்டார்கள்.

செய்தி போய், பின்னேரம் சேர் குழுவையும் கூட்டிக்கொண்டு வந்தார். கருவி பிடித்து, மண்ணைக் கிளறி, குழுக்காரர் ஒரு இரும்புத் துண்டை எடுத்துத் தட்டிக் காட்டினார். கலப்பைக் கொழு. யாரோ, எந்தக் காலத்திலோ, வரம்புக்குள் விட்டது.

நேசம்மா அக்கா கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார். "எங்கட இல்ல இது" என்றார். அதற்கு ஓரிருவர் சிரித்தார்கள். என்னைப் பார்த்து ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நல்லது என்று இருந்தது.

சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவ ஏன் முன்னால நிண்டவ?"

"நாந்தான் சேர் போனன்" என்று நேசம்மா அக்கா குறுக்கே சொன்னார். "தம்பிக்கு ஒண்டும் சொல்லாதீங்க."

சேர் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தபடி, வழக்கம்போல, சும்மா நின்றார்.

"நான் நடக்க விட்டுட்டன் சேர்" என்றேன்.

"ஓம்" என்றார்.  சப்பாத்தைக் கழற்றினார், காற்சட்டையை மடித்தார். குழு அந்தப் படையைப் பார்த்து முடிக்கும்வரை அங்கேயே நின்றார். பிறகு, "ஏறுங்க. இருட்டுக்கு முதல் முடிப்பம்" என்றார். ஏறினேன். படை படையாக வெட்டினேன். அவர்கள் படை படையாகப் பார்த்தார்கள். கந்தோர்க் கூட்டத்தில் இந்தக் கதை வந்தபோது, வேலை நடந்த இடத்தை விட்டுப் போனது தன் பிழை என்று அவர் தன் தலையில் போட்டுக்கொண்டார். நான் கடைசிக் கதிரையில் இருந்தேன். எழுந்து சொல்லவில்லை.

மழை இரண்டு நாள் கழித்து வந்தது. வட்டை முழுக்கத் தண்ணீர் ஒரே மட்டத்தில் நின்றது. மெசின் தெரிவு சரி என்று எல்லாரும் சொன்னார்கள். சரிதான். அந்த மெசினைப் போல ஒன்று அந்த மண்ணுக்கு வேறு இல்லை.

அறுவடை முடிந்து, புதுநெல்லின் முதல் சோறான புதிர்ச் சோற்றுக்கு வரச்சொல்லி நேசம்மா அக்கா ஆள் அனுப்பியிருந்தார். நான் போகமாட்டேன் என்றேன். "அந்த மனுசி கூப்பிட்டு நீங்க போகாம இரிக்கிறதா?" என்று மனைவி இழுத்துக்கொண்டு போனாள்.

புதுநெல்லில் புக்கை காய்ச்சியிருந்தார். தறப்பாள் இருந்த இடத்தில் இப்போது மண்சுவர் எழும்பியிருந்தது. வாழையிலை போட்டு எனக்குத்தான் முதலில் வைத்தார். எனக்கு எதிரே குந்தியிருந்து, நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அண்டைக்கு நான் பயமில்லாமயா நடந்த எண்டு நினைச்சீங்க தம்பி? காலு ரெண்டும் நடுங்கினது. திரும்பிப் பாத்தா விழுந்திருவன் எண்டுதான் பாக்கல்ல. பின்னால உங்கட மெசின்ட சத்தம் கேட்டுக்கொண்டே இரிந்திச்சு. ஒரு ஆள் பின்னால வருது, நான் தனிய இல்ல எண்டு நினைச்சு நினைச்சுத்தான் நடந்தன்."

குத்திக் காட்ட அவர் அதைச் சொல்லவில்லை. நன்றியாகத்தான் சொன்னார். குரலில் வேறு ஒன்றும் இல்லை.

"இன்னும் கொஞ்சம் வைக்கட்டா?" என்று கேட்டார்.

நான் இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. வையுங்க என்று கையை மட்டும் காட்டினேன்.